தாய்வழியும் கடல்வழியும்: கல்முனைக் கரையின் குடிமரபு

ஒரு மக்கட்கூட்டத்தார் எந்த மண்ணுக்கு உரியவர் என்னும் வினாவுக்கு விடை காண நம் வரலாற்றறிஞர் வழக்கமாக நாடும் சான்றுகள் மூன்று: கல்வெட்டு, செப்பேடு, அரசர் வமிசாவளி. இம்மூன்றும் அரசரும் அவரை அண்டியோரும் விட்டுச் சென்றவை. நெல் விதைத்தவனும் கரைவலை இழுத்தவனும் தறியில் அமர்ந்தவளும் கல்லில் எதையும் பொறித்து வைக்கவில்லை. அவர்கள் தம் வரலாற்றைத் திருமண முறையிலும் வீட்டு உரிமையிலும் பாட்டிலும் நேர்ச்சையிலும் ஊர்ப்பெயரிலும் எழுதி வைத்தனர். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களே, 'இவர்கள் நேற்று வந்தவர்கள்' என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையையும் அதன் அயலூர்களையும் வாழ்விடமாகக் கொண்ட தமிழ்பேசும் முஸ்லிம் மக்களைப் பற்றி இத்தகைய தீர்ப்புகள் பல கூறப்பட்டுவிட்டன. அவற்றுக்கு அம்மக்களின் வழக்காறுகளே மறுமொழி கூறுகின்றன. அம்மறுமொழியை எடுத்துரைப்பதும், அது இன்று எவ்வாறு அழிந்து வருகிறது என்பதைக் காட்டுவதுமே இக்கட்டுரையில் நமது நோக்கம்.

முதலில் அந்நிலத்தை நோக்குவோம். மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவில் நோக்கி நீளும் அக்கரை ஓர் ஒடுங்கிய மணற்பட்டி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே வாவியும் வயல்வெளியும். இந்த மணற்பட்டியில் ஊர்கள் மணிமாலையைப் போல் கோக்கப்பட்டிருக்கின்றன. பெரியநீலாவணையில் தமிழர், அடுத்த மருதமுனையில் கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் நெசவாளர், அதற்கடுத்த பாண்டிருப்பில் திரௌபதை அம்மனின் தீமிதிப்பு, பிறகு கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அதையடுத்துக் கண்ணகி கோயில் கொண்ட காரைதீவு, பின்னர் நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, அதற்கும் தெற்கே தம்பிலுவில், திருக்கோவில். ஓர் ஊரின் பாங்கொலி ஓயுமுன் அடுத்த ஊரின் உடுக்கொலி கேட்கும் அண்மை அது. 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டு பிறந்த காரைதீவு, இருபுறமும் முஸ்லிம் ஊர்களைக் கொண்ட தமிழூரே. இவ்வூர்களின் வயல்களுக்கெல்லாம் நீர் தருவது பட்டிப்பளை ஆறு. அதே ஆற்றைச் சிங்கள மக்கள் கல்லோயா என்கின்றனர்.

பூர்வ குடி என்ற சொல்லை இத்தீவில் ஆளும்போது, அப்பெயர் முதற்கண் வேடர்க்கே உரியது என்பதை மறத்தலாகாது. பட்டிப்பளை ஆறு தோன்றும் மலைக்காடுகள் அவர்களுடையவை. 1908ஆம் ஆண்டையொட்டி அக்காடுகளில் ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர், ஹெனபெத்தை, தானிகல முதலிய இடங்களின் வேடரைப் பற்றி எழுதிய நூல் 1911இல் வெளிவந்தது. அந்நூல் வெளிவந்து நாற்பதாண்டு கழியுமுன், 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் பெருந்திட்டம் அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்தது. வேடர் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காடுகளில் ஒரு பகுதி நீருள் மூழ்கியது. 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, தம்பானைப் பகுதியின் வேடர் பலர் ஹெனானிகலைக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். கரையோரத்திலோ, வாகரைப் பகுதியின் வேடர் தமிழையே பேசி வாழ்கின்றனர். வள்ளியை வேடர் மகள் என்று போற்றி, அவள் நாயகனைக் காண ஆண்டுதோறும் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார், கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வழியே சென்றே உகந்தையையும் குமணைக் காட்டையும் அடைகின்றனர். கதிர்காமத்திலும் முருகன் கோயிலுக்கு அண்மையில் ஹிழ்று நபியின் பெயரால் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. ஆகவே இந்நாட்டின் புனித நிலம் எந்த ஒரு சமயத்தாரின் தனிக்காணியுமன்று.

வேடர்க்குரிய பெயரில் கல்முனை முஸ்லிம்களுக்குப் பங்கு கோருவது நமது கருத்தன்று. நாம் வினவுவது வேறு. இந்த மண்ணின் முறைகளுள் மிகப் பழைமையான ஒன்றைத் தம் வீட்டின் நடுத்தூணாக வைத்துக் காத்து வந்த ஒரு மக்களை அந்நியர் என்று எவ்வாறு கூறுவது?

அம்மக்கள் இக்கரைக்கு எவ்வாறு வந்தனர் என்பதற்கு வரலாறும் வாய்மொழியும் வெவ்வேறு செய்திகளைத் தருகின்றன. அரபு நாட்டுக் கடல்வணிகரும் தென்னிந்தியக் கரையின் மரைக்காயரும் பல நூற்றாண்டுகளாக இத்தீவின் துறைகளில் தங்கி மணமுடித்தனர். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டியரசன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது எழுத்துச் சான்று கூறும் செய்தி. வாய்மொழியோ இன்னும் சுவையானது. முக்குவருக்கும் திமிலருக்கும் போர் மூண்டபோது, பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம் வீரர் முக்குவருக்குத் துணை நின்று திமிலரை விரட்டினராம். வெற்றிக்குப் பரிசாக அவர்கள் பொன்னை விரும்பாது முக்குவர் பெண்களை மணந்து இவ்வூர்களிலேயே தங்கினராம்.

இக்கதையில் பெண் பரிசுப் பொருளாக வைத்துப் பேசப்படுகிறாள். கதை கட்டியவர் ஆண்கள் என்பதை இது காட்டும். ஆயினும் அக்கதையின் உள்ளே ஓர் உண்மை ஒளிந்துள்ளது. கடல் கடந்து வந்தவன் தந்தை. இந்த மண்ணில் வேரூன்றி நின்றவள் தாய். வந்தவன் தாயின் வீட்டில் குடிபுகுந்தான். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினர். தாயின் குடியையே தம் குடியாகக் கொண்டனர்.

இந்த உண்மை கொழும்பு மாநகரில் நடந்த பெரும் விவாதம் ஒன்றில் எவர் கண்ணுக்கும் படாமற் போயிற்று. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே. மதத்தால் மட்டும் வேறானவர் என வாதித்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்பது அன்றைய வினாவாக இருந்ததால், அக்கட்டுரைக்கு அரசியற் கூர்மை இருந்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதி, சோனகரின் மூதாதையர் அரபிகளே என நிறுவ முயன்றார். இருவரும் கற்றறிந்தோர், இருவரும் தத்தம் சமூகத்தின் மேற்குடியினர். இருவருமே தந்தை வழியையே வழியாகக் கொண்டு வாதித்தனர். கல்முனைக்குடியின் ஓர் ஏழை உம்மாவிடம் சென்று, 'நீங்கள் யார்?' என்று கேட்டிருந்தால், அவள் தன் தாயின் குடியைச் சொல்லியிருப்பாள். அரபு நாட்டுப் பாட்டனைத் தேடிக் கடல் கடந்திருக்கமாட்டாள். படித்தவரின் விவாதம் கப்பலில் தொடங்குகிறது. மக்களின் கணக்கோ கருவறையில் தொடங்குகிறது.

கிழக்கிலங்கையில் 'குடி' என்பது தாய்வழி வருவது. முக்குவரிடையே உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று குடிகள் பல. அதே முறை முஸ்லிம்களிடையேயும் நிலவியது. தாய்க்கு எக்குடியோ அதுவே மகனுக்கும் மகளுக்கும். தாய்வழியைக் குறிக்க அம்மக்கள் ஆளும் சொல் 'வயிற்றுவார்' என்பது. ஒரே குடியில் பெண்கொள்வதும் கொடுப்பதும் ஆகா. தாய்க் குடிக்கும் தந்தை குடிக்கும் இடையே மீண்டும் மீண்டும் நிகழும் மண உறவால் மச்சானும் மச்சியும் மணமக்களாயினர். தமிழரின் கோயிலில் குடிதோறும் வண்ணக்கர் இருந்தது போலவே, முஸ்லிம்களின் பள்ளிவாசலில் குடிதோறும் மரைக்காயர் இருந்தார். அப்பதவியும் தாய்வழியே சென்றது. கோயிலும் பள்ளியும் வேறு, வழிபாடு வேறு, இறைக்கொள்கை முற்றிலும் வேறு. ஆனால் இரண்டையும் தாங்கி நின்ற சமூகத் தூண் ஒன்றே.

இம்முறையின் உயிர்நிலை வீடு. மகள் மணம் முடிக்கும்போது வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்தவளுக்குத் தாய் தன் வீட்டைக் கொடுத்துவிட்டு, அயலிலே வேறொரு வீடு கட்டிக்கொள்வாள். அதுவும் அடுத்த மகளுக்குப் போகும். இவ்வாறு ஒரு தாயின் மக்கள் ஒரே வளவைச் சுற்றி வாழ்ந்தனர். கணவன் கைவிட்டாலும் இறந்தாலும் பெண்ணின் தலைக்கு மேல் கூரை இருந்தது. உம்மாவும் ராத்தாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தனர்.

சட்டப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. தாய்வழி உரிமையைக் கூறிய முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக்கி வெளியிட்ட 1876ஆம் ஆண்டிலேயே, குடியேற்ற அரசின் புதிய வாரிசுரிமைச் சட்டம் அதனை வழக்கொழித்தது. முஸ்லிம்களுக்கோ 1931ஆம் ஆண்டுச் சட்டம் ஷரீஅத்தின்படி பங்கு வகுத்தது. அதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மக்கள் சட்டத்தை மீறவில்லை, அதனை முந்திக்கொண்டனர். இறந்தபின் பங்கிடப்படுவதற்கு வீடே எஞ்சாதவாறு, உயிரோடிருக்கும்போதே அதை மகளுக்குக் கொடுத்துவிட்டனர். மார்க்கத்தையும் மண்ணின் முறையையும் மோதவிடாமல் ஒரே கூரையின் கீழ் வைத்த அறிவு அது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்காத தாய்மாரின் அறிவு.

இஸ்லாமிய உலகில் இது தனித்த வியப்புமன்று. சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் பற்றுறுதியுள்ள முஸ்லிம்கள்; அவர்களுடைய குடும்பப் பெருவீடும் மூதாதையர் நிலமும் தாய்வழியே செல்கின்றன. மலையாளக் கரையில் கண்ணூர் மாப்பிள்ளைமாரின் தறவாடுகளும், இலட்சத்தீவு மக்களின் குடும்பங்களும் அத்தகையவையே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ்வது வழக்கம். இந்துமாக்கடலின் காற்றோடு சென்ற இஸ்லாம், சென்ற கரைதோறும் அங்குள்ள தாயின் வீட்டுக்குள் மரியாதையுடன் நுழைந்திருக்கிறது.

இவ்வாறு கூறுவதால் அப்பழைய சமுதாயத்தைப் பொற்காலமாக நாம் வண்ணம் தீட்டவில்லை. வயல் போடியாருக்கே உரியதாயிருந்தது. முல்லைக்காரனும் வயற்காரனும் அவர் கணக்கேட்டிலேயே வாழ்ந்து மடிந்தனர். போடியார் தமிழராயினும் முஸ்லிமாயினும் கடன் ஒரே விதமாகத்தான் வளர்ந்தது. குடிகளுக்குள் உயர்வு தாழ்வு பேசப்பட்டது; சில தொழில் செய்வோர் கீழாக மதிக்கப்பட்டனர். சீதன வீடு பெண்ணுக்குப் பாதுகாப்பு. அதைக் கட்ட இயலாத தகப்பனுக்கோ அதுவே தூக்குக்கயிறு. 1970களின் பிற்பகுதியிலிருந்து, மகளுக்கும் தங்கைக்கும் வீடு கட்டவேண்டி எத்தனையோ ஏழைப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். தாய்வழிச் சமூகத்தின் சுமையைச் சுமந்தவளும் தாய்தான். ஆயினும் ஒரு முறையில் உள்ள அநீதியைக் களைவது வேறு. அம்முறை பெண்ணுக்குத் தந்த ஒரே பிடிமானத்தையும் சேர்த்துப் பறிப்பது வேறு.

இனி, கடலை நோக்குவோம். கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி 1823ஆம் ஆண்டளவில் தோன்றியதென்பர். நாகூரில் அடக்கமாகியுள்ள ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் அது அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியார் நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைத் தம் கைக்கண்ணாடியை எறிந்து காத்தார் என்பது மாலுமிகளிடையே வழங்கும் கதை. ஆதலால் தமிழ்பேசும் கடலோடிகள் எங்கெங்கு நங்கூரமிட்டனரோ அங்கெல்லாம் அவர் பெயரால் நினைவிடம் எழுந்தது. பினாங்கில் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. நாகூரின் மிக உயர்ந்த மனோராவையோ தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாபசிங் எழுப்பினார். கல்முனைக் கரையின் பள்ளி அச்சங்கிலியின் ஒரு கண்ணி. அங்கே பெரியாரின் உடல் இல்லை; நினைவுதான் அடக்கமாகியிருக்கிறது.

ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையுடன் அங்குக் கொடி ஏறுகிறது. மௌலூதும் றாத்தீபும் ஓதப்படுகின்றன. பாவாக்களின் தாயிரா முழங்குகிறது. மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பெண்கள் பிள்ளைகளோடு வருகின்றனர். நேர்ச்சை வைத்த தமிழரும் வருகின்றனர். கொடி இறங்கும்போது கந்தூரிச் சோறு வந்தோர்க்கெல்லாம் பங்கிடப்படுகிறது. 'கொடியேற்றம்' என்ற சொல்லே சிந்தனைக்குரியது. பள்ளியின் கொடிக்கும் கோயிலின் கொடிக்கும் மாதா கோயிலின் கொடிக்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இறைக்கொள்கையால் வேறுபட்டோர் விழாவின் சொல்லால் ஒன்றுபட்டுள்ளனர்.

கலைகளும் அவ்வாறே. வட்டமாக நின்று கையிலுள்ள இரு கோல்களை அடுத்தவன் கோலோடு அடித்து ஆடும் களிகம்பு அல்லது பொல்லடி, சீனடி, சிலம்படி ஆகியவற்றை அண்ணாவியார் பரம்பரைகள் காத்து வந்தன. நோன்பு மாதத்தின் பின்னிரவில் பக்கீர் பாவாக்கள் தெருத்தெருவாகப் பாடிச் சென்று சஹருக்கு எழுப்பினர். முஸ்லிம் மணவீட்டில் பெண்கள் குரவையிட்டனர். மணமகள் கழுத்தில் தாலி ஏறியது. குரவை என்ற சொல் நம் பழந்தமிழ் நூல்களில் ஆய்ச்சியர்க்கும் குன்றக்குறவர்க்கும் உரிய ஆடலாகப் பேசப்படுவதை வாசகர் அறிவர். அச்சொல்லின் வாழும் ஒலியைக் கேட்க விரும்புவோர் நிந்தவூரின் அல்லது அக்கரைப்பற்றின் ஒரு நிக்காஹ் வீட்டுக்குச் சென்றிருக்கலாம்.

இவற்றுள் எல்லாம் சிறந்தது 'கவி'. எழுத்தறியாதவர் பாடிய நான்கடிப் பாட்டு அது. வயலிற் பரணில் இரவுக்காவல் இருந்தவன் பாடினான். மாட்டுவண்டியில் நெற்பாரம் ஏற்றிச் சென்றவன் பாடினான். தோணி தள்ளியவன் பாடினான். நெற்குற்றிய பெண்ணும் தொட்டிலாட்டிய பெண்ணும் பாடினர். மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துப் பாடிய காதற்பாட்டுகளுக்கிடையே, போடியாரின் கொடுமையும் வறுமையும் பிரிவும் கேட்கும். சூடு மிதிக்கும் களத்தில் நெல்லைப் 'பொலி' என்றே சொல்லவேண்டும் என்னும் கட்டுப்பாடும், களத்துக்கென்றே வழங்கிய தனிச்சொற்களும் தமிழ் உழவனுக்கும் முஸ்லிம் உழவனுக்கும் பொதுவாயிருந்தன. களத்தில் இருவரும் ஒரே மொழிக்குள் இன்னொரு மொழி பேசினர்.

இச்செல்வத்தைப் பேண முயன்றோர் இல்லாமலில்லை. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மிய'த்தைப் பதிப்பித்தார். 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' இம்மக்களின் வாழ்வையும் நாட்டுப்பாடல்களையும் விரித்துரைத்தது. மருதமுனைப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன், நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் நாட்டார் இலக்கியத்தில் உழைத்தனர். பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் (1931–1975) உழவர் வாழ்வைப் பாடிய 'வேளாண்மை' அவர் மறைந்தபின் 1982இல் நூலாயிற்று. அவரைச் சூழ்ந்து கல்முனையில் தமிழரும் முஸ்லிம்களுமாக ஓர் எழுத்தாளர் தலைமுறையே உருவாயிற்று. 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமானும் மருதூர்க்கொத்தனும் அத்தலைமுறையினர். ஏட்டில் ஏறியது சிறுபகுதியே; அதைப் பாடிய வாய்களோ மூடிக்கொண்டே வருகின்றன.

அவ்வாய்களை மூடியவை எவை? ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடிகள் விழுந்தன.

முதலாவது, சட்டமும் நிர்வாகமும். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் நியமனத்தை மையச் சபை ஒன்றின் கீழ்க் கொணர்ந்தது. கணக்கு வழக்குகளுக்கு ஒழுங்கு வேண்டும் என்பது நியாயமே. ஆனால் குடிக்கொரு மரைக்காயர் என்ற முறை அதனால் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது, கரையோர ஊர்களின் நிர்வாகத் தலைமை, கல்லோயாக் குடியேற்றத்தால் வளர்ந்த உள்நாட்டு நகருக்குச் சென்றது.

இரண்டாவது, போர். 1985 ஏப்ரலில் காரைதீவில் மூண்ட கலவரம் அயலவரைப் பகைவராக்கிற்று. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒரே களத்தில் பொலி தூற்றியவர்கள் வயலுக்குப் போகவும் ஒருவரையொருவர் அஞ்சினர். இரவுக்காவல் இல்லாத வயலில் கவி எங்கிருந்து பிறக்கும்?

மூன்றாவது, தூய்மையின் பெயரால் வந்த கண்டிப்பு. மார்க்கத்தைக் கற்கவும் மூடநம்பிக்கையைக் களையவும் எழுந்த ஆர்வத்தை நாம் குறை கூறோம். ஆனால் கொடியேற்றமும் கந்தூரியும் குரவையும் கவியும் ஒருங்கே பாவம் என்று தள்ளப்பட்டபோது, தாய்மாரின் மரபு முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. அக்கண்டிப்பின் கொடுநுனி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூபி வழியினர்மீது நடந்த தாக்குதலும், 2019 ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் தம் குழந்தைகளையும் உடன்வைத்துக் குண்டை வெடிக்கச்செய்த கொடுமையும் காட்டின. அதன்பின் நாடெங்கும் முஸ்லிம்கள் மீது விழுந்த சந்தேகப் பார்வையை, எக்குற்றமும் அறியாத அதே தாய்மார்தான் தாங்க நேர்ந்தது.

நான்காவது, கடல். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் வேறெம்மாவட்டத்தையும் விட அம்பாறையிலேயே அதிக உயிர்களைக் கொண்டது. இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோரம் நெருங்கியிருந்த ஏழைகளின் வீடுகள் அடியோடு பெயர்ந்தன. அலை கடற்கரைப் பள்ளியின் மீதும் ஏறியது. எனினும் கொடியேற்றம் நின்றுவிடவில்லை.

அலை கொண்டுபோனதைவிட, அதன்பின் காகிதம் கொண்டுபோனது ஆழமானது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று 2005இல் அரசு அறிவித்தது. கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக இருக்கும் ஓர் ஒடுங்கிய பட்டியில் 200 மீற்றரை விட்டுவிட்டு மக்கள் எங்கே போவது? எதிர்ப்பின் பின் அத்தூரம் குறைக்கப்பட்டது. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு எவ்விகிதத்தில் என்ற வழக்கிலும் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் சிக்கி, ஆண்டுக்கணக்கில் குடியேறுவோரின்றிக் காடுபற்றிக் கிடந்தன. கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளிலும் வேறொன்று நேர்ந்தது. இழந்த வீடு மனைவியுடையது. அவள் தாய் தந்த சீதனம். புதிய வீட்டின் உறுதியோ பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதப்பட்டது. தலைவர் என்றால் கணவன் என்று அதிகாரிகள் கொண்டனர். ஒரு படிவத்தின் ஒரு சொல், பல நூற்றாண்டுகளாகத் தாய்வழி வந்த வீட்டை ஒரே நாளில் தந்தைவழிக்கு மாற்றிவிட்டது. கொடுங்கோலனும் செய்யத் துணியாததை எழுதுகோல் செய்தது.

எனவே மரபு பற்றிய பேச்சு கலைவிழா மேடைக்குரிய பேச்சன்று. அது வீடு யாருடையது என்ற பேச்சு; கணவன் துரத்தினால் ஒரு பெண் எங்கே படுத்துறங்குவாள் என்ற பேச்சு. 2007இல் ஐக்கிய நாடுகள் சபை பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியபோது இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. நிலமும் வழக்காறும் பிரிக்கவொண்ணாதவை என்பது அப்பிரகடனத்தின் உயிர்க்கருத்து. அக்கருத்து வேடர் காட்டுக்குப் பொருந்துமானால், கல்முனைத் தாயின் வளவுக்கும் அதன் ஒளி சற்றேனும் எட்டவேண்டாமா?

நாம் வேண்டுவன சில. அரசு வழங்கும் வீட்டுறுதிகளில் மனைவியின் பெயர் இடம்பெற வேண்டும். சீதன வீட்டை இழந்தவளுக்கு அவள் பெயரிலேயே வீடு எழுதப்பட வேண்டும். எஞ்சியிருக்கும் கவிகளையும் பொல்லடிப் பாடல்களையும் முதியோர் உயிரோடிருக்கும்போதே ஒலிப்பதிவு செய்து பள்ளிக்கூடங்களில் பயிற்ற வேண்டும். தமிழ்ப் பாடநூலில் மருதத்திணைக்கு உதாரணம் தேடும் ஆசிரியர், தம் பள்ளிக்கு அயலிலுள்ள வட்டையிலும் அதைக் காணவேண்டும். தமிழ் எழுத்தாளரும் முஸ்லிம் எழுத்தாளரும் நீலாவணன் காலத்தில் அமர்ந்தது போல மீண்டும் ஒரே திண்ணையில் அமரவேண்டும்.

வந்தவர் யார், இருந்தவர் யார் என்று வமிசாவளி தேடுவோர் தேடட்டும். கல்முனைக் கரையின் ஏழை மக்கள் அவ்வினாவுக்கு என்றோ விடை எழுதிவிட்டனர். அவர்கள் தம் பிள்ளைகளுக்குக் குடிசொல்லும்போது மண்ணின் மகளைச் சொல்கின்றனர். கொடியேற்றும்போது கடலை நோக்கி ஏற்றுகின்றனர். இம்மண்ணும் அக்கடலும் அவர்களுக்குரியவை. அதை ஒப்புக்கொள்ள அவர்களிடம் சாசனம் கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை.